கரையில் ஒதுங்கும் சுறா முட்டை உறைகள்: புதிதாகத் தேடத் தொடங்குபவர்களுக்கு

கடற்கரையில் காலாற நடக்கும்போது, அலை ஒதுக்கிவிட்டுப் போன பாசிக்கும் சருகுக்கும் நடுவே கருப்பாக, தோல் போன்ற ஒரு சின்னப் பை கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு மூலையிலும் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அல்லது பாகற்கொடியின் பற்றுக்கம்பி போலச் சுருண்ட இழை தொங்கும். காய்ந்த பாசி என்றோ கிழிந்த ரப்பர் என்றோ நினைத்து முக்கால்வாசிப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது முட்டை உறை. சுறாவோ திருக்கையோ ஒன்று அதற்குள் மாதக்கணக்கில் வளர்ந்து, ஒருநாள் முனையைத் திறந்துகொண்டு நீந்திப் போயிருக்கிறது. ஐரோப்பியக் கடலோர மக்கள் இதைக் கடற்கன்னியின் பணப்பை என்பார்கள்.

இதுவரை ஒன்றைக்கூடக் கையில் எடுத்திராதவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கரையில் நின்றபடியே 'இது இன்ன மீனுடையது' என்று பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். புதிதாக வருபவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் நடக்கின்றன. காய்ந்த உறை சுருங்கி, முறுக்கிக்கொண்டு, அளவும் உருவமும் மாறிக் கிடக்கும். அதைப் பார்த்துச் சொல்லும் பெயர் பாதிக்குப் பாதி தப்பாகும். ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு ஸ்கேலும் ஒரு இரவுப் பொறுமையும் இருந்தால் அந்தத் தப்பு வராது.

எந்த மீன் உறை போடும்?

எல்லாச் சுறாவும் முட்டையிடுவதில்லை. பெரும்பாலானவை குட்டி போடுபவை. முட்டையிடுபவை பூனைச்சுறா, மூங்கில் சுறா, காளைத்தலைச் சுறா, வரிக்குதிரைச் சுறா என்று சில கூட்டங்கள்தான். அநேகமாக எல்லாமே கடலடியை ஒட்டி வாழ்பவை. இதில் விஞ்ஞானிகளே நெடுநாள் குழம்பியிருக்கிறார்கள். 1953இல் மெக்சிகோ வளைகுடாவில் சுமார் 30 சென்டிமீட்டர் நீள உறை ஒன்று, உள்ளே திமிங்கிலச் சுறாக் குஞ்சோடு கிடைத்தது. அதை வைத்து, உலகின் மிகப் பெரிய மீன் முட்டையிடும் இனம் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். 1995இல் தைவான் அருகே பிடிபட்ட ஒரு பெண் திமிங்கிலச் சுறாவின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தபிறகுதான் அது குட்டி போடும் மீன் என்பது உறுதியானது. ஒரே ஒரு உறையை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

திருக்கையில் குழப்பம் இன்னும் அதிகம். நாம் திருக்கை என்று ஒரே பேரில் சொல்லிவிடும் கூட்டத்தில், வாலில் முள் வைத்த கொட்டும் திருக்கை, கழுகுத் திருக்கை, பிரம்மாண்டமான மான்டா, உழுவை எல்லாமே குட்டி போடுபவை. உறைக்குள் முட்டையிடுவது ஸ்கேட் என்ற ஒரு பிரிவு மட்டும்தான். பார்வைக்குத் திருக்கை போலவே தட்டையாக இருக்கும். ஆனால் கொட்டும் முள் கிடையாது, வால் கொஞ்சம் தடித்திருக்கும். ஸ்கேட்டுகள் பெரும்பாலும் குளிர்ந்த கடல்களிலும் ஆழத்திலும் வாழ்பவை. ஆகவே வெப்பக் கடலின் கரையில் தேடுபவர்கள் கொம்பு வைத்த ஸ்கேட் உறையை அடிக்கடி எதிர்பார்க்க வேண்டாம். அங்கே மூங்கில் சுறா, வரிக்குதிரைச் சுறா போன்றவற்றின் உறைக்கே வாய்ப்பு அதிகம். மூன்றாவதாக, பேய்ச்சுறா என்று அழைக்கப்படும் கைமேரா மீன்கள். அவற்றில் எல்லா இனமும் முட்டையிடும்.

உறை எதனால் ஆனது என்பது தெரிந்தால், அதை எப்படிக் கையாள்வது என்பதும் புரிந்துவிடும். தாயின் உடலில் இதற்கென்றே ஒரு சுரப்பி இருக்கிறது. அது கொலாஜன் என்ற புரதத்தை அடுக்கடுக்காகச் சுரந்து, முட்டையைச் சுற்றி இந்தப் பையை உருவாக்குகிறது. நம் தோலிலும் தசைநாணிலும் இருக்கும் அதே வகைப் புரதம். இடும்போது வெளிறி, மெத்தென்று இருக்கும். கடல்நீர் பட்டபின் இறுகி, நிறம் கறுக்கும். அதனால்தான் குஞ்சு போய் வெகுநாள் கழித்தும் உறை மட்காமல் கரைக்கு வந்து சேர்கிறது.

எப்போது, எங்கே தேடுவது

புயலோ பலத்த காற்றோ அடித்து ஓய்ந்த மறுநாள்தான் சிறந்த நாள். கடலடியில் பாசியிலும் பவள விசிறியிலும் பின்னிக் கிடந்த உறைகளை அப்போதுதான் அலை பிடுங்கி எறியும். நீர் வற்றத் தொடங்கியதும் போனால், புதிதாக ஒதுங்கியவை மற்றவர் காலில் மிதிபடுவதற்கு முன் கிடைக்கும்.

அலை ஒதுக்கிய குப்பை கரையில் நீளமாக ஒரு கோடுபோல் கிடக்கும். அந்த வரி ஒன்றல்ல, பல இருக்கும் என்பதைக் கவனியுங்கள். நேற்றைய நீர் ஏறிய இடத்தில் ஈரமான வரி ஒன்று. அதற்கும் மேலே, பெரிய ஏற்றத்தின்போது ஒதுங்கிக் காய்ந்த பழைய வரி. எல்லோரும் ஈர வரியில்தான் தேடுகிறார்கள். மேல் வரியைத் தவறவிடாதீர்கள். காலி உறை காய்ந்ததும் சருகைவிட லேசாகிவிடும். காற்று அதை உருட்டிக்கொண்டு போய் மணல்மேட்டின் அடியில், புல்வேரில், பாறை இடுக்கில் செருகிவிடும். என் அனுபவத்தில் முழுசாக, கொம்பு உடையாமல் கிடைத்தவற்றில் நிறைய அங்கிருந்து வந்தவைதான்.

பாசிக் குவியலை ஒரு குச்சியால் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். அதற்கடியில் சின்னஞ்சிறு உயிர்கள் வாழ்கின்றன. கையுறை போட்டுக்கொள்வது நல்லது: கண்ணாடித் துண்டு, தூண்டில் முள், செத்த பிறகும் சுணை போகாத சொறிமீன் எல்லாம் அதே குவியலில்தான் கிடக்கும். மேல் மணலில் தரையில் முட்டையிடும் பறவைகள் இருந்தால், கூடு கட்டும் பருவத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். சில பாதுகாக்கப்பட்ட கரைகளில் எதையும் எடுத்துச் செல்ல அனுமதி இருக்காது. அங்கே படம் எடுத்தால் போதும், பதிவுக்கு அதுவே செல்லும்.

எடுப்பதற்கு முன்: உள்ளே உயிர் இருக்கிறதா?

கரையில் கிடப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை காலி. ஆனாலும் ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டுத்தான் பையில் போட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காலி உறை எடையே இல்லாமல், தட்டையாக இருக்கும். ஒரு முனையில், விளிம்போடு ஒரு பிளவு தெரியும். குஞ்சு வெளியேறிய வாய் அது. பல சமயம் அந்த வாய் ஒட்டியதுபோல மூடிக் கிடக்கும். பக்கவாட்டில் மெல்ல அழுத்தினால் கடித உறை போலத் திறந்துகொள்ளும். சில உறைகளில் பிளவு இருக்காது. அதற்குப் பதில் துரப்பணம் போட்டதுபோல நேர்த்தியான ஒரு சின்ன வட்டத் துளை இருக்கும். கடல்நத்தை ஒன்று துளைபோட்டு உள்ளிருந்ததைத் தின்றிருக்கிறது. அந்தத் துளையையும் பதிவில் குறிப்பிடுங்கள், அதுவும் ஒரு தகவல்தான்.

உறை ஈரமாக, கனமாக, உப்பலாக இருந்து, வாயும் திறக்காமல் இருந்தால் நின்று நிதானியுங்கள். குலுக்காதீர்கள், அழுத்தாதீர்கள். வெயிலுக்கு எதிராகப் பிடியுங்கள், அல்லது கைபேசி விளக்கைப் பின்னால் வைத்துப் பாருங்கள். சுவர் மெல்லியதாக இருந்தால் உள்ளே எல்லாம் தெரியும். தேன் நிற வெளிச்சத்தின் நடுவே மஞ்சள்கரு உருண்டை ஒரு நிழலாக நிற்கும். அதோடு ஒரு நூலால் கட்டியதுபோல, கண் வைத்த ஒரு சின்ன உருவம். வால் மட்டும் விடாமல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். வளர்ச்சியின் நடுவில் உறையின் ஓரங்களில் நுண்ணிய பிளவுகள் திறந்துகொள்ளும். வாலை ஆட்டித்தான் குஞ்சு புதுநீரை உள்ளே இழுத்து மூச்சுவிடுகிறது. முதல் தடவை இதைப் பார்த்தபோது உறையைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு நிமிடமும் அதற்கு மூச்சு முட்டும் நேரம். சில நொடிகளில் பார்த்து முடித்துவிடுங்கள்.

அசைவில்லை என்பதற்காக இறந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மூங்கில் சுறாக் குஞ்சுகளை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், வேட்டை மீனுடையது போன்ற மின்புலத்தை உணர்ந்ததும் அவை உறைக்குள்ளேயே மூச்சை நிறுத்தி அசையாமல் கிடந்தன. பிறக்காத குஞ்சுக்கே ஒளிந்துகொள்ளத் தெரிகிறது.

உயிர் இருப்பதுபோல் தெரிந்தால், கடல்நீர் நிரப்பிய வாளியில் போட்டு நிழலில் வைத்துக்கொண்டு, கூடிய சீக்கிரம் கடலுக்கே திருப்பிக் கொடுங்கள். அலை உடையும் இடத்தில் எறிந்தால் அடுத்த அலையே திரும்பக் கொண்டுவந்துவிடும். நீர் வற்றினாலும் காயாத ஆழமான பாறைக்குட்டையோ, அமைதியான ஆழ நீரோ நல்லது. உறை ஏதாவது பாசியில் பின்னிக் கிடந்தால் பிரிக்காமல் பாசியோடு விடுங்கள். வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் யோசனையே வேண்டாம். நீருக்குள் எங்காவது ஒட்டியிருக்கும் உறையைத் தொடவும் வேண்டாம். அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

ஊறவைப்பது

காலி உறைகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். சரி, இனிதான் உண்மையான வேலை.

மணலைத் தட்டிவிட்டு, ஒரு அகன்ற பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி உறையை முங்கவிடுங்கள். குழாய் நீரே போதும். முதலில் மிதக்கும், மேலே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து அழுத்தி வையுங்கள். சீக்கிரம் ஊறட்டும் என்று வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள். கொலாஜன் சூட்டில் சுருங்கும், அப்புறம் உறை பழைய உருவத்துக்கு வரவே வராது. பூனைச்சுறாவின் மெல்லிய உறை சில மணி நேரத்திலேயே இளகிவிடும். தடித்த ஸ்கேட் உறைக்கு ஒரு முழு நாளோ அதற்கு மேலோ ஆகும். தண்ணீர் டீ நிறத்தில் மாறும், கடல் வாடை அடிக்கும். ஒருமுறை மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

இரவில் போடும்போது கையில் இருந்தது கருகிய இலை மாதிரி, விரலில் ஒடியும் ஒரு பொருள். காலையில் தட்டை எடுத்துப் பார்த்தால் அதே உறை அகன்று, உப்பி, ஓலைப்பாய் போல வளைந்துகொடுக்கும். கருப்பு என்று நினைத்தது புளியங்கொட்டையின் பழுப்பாக மாறியிருக்கும். உள்ளே மடங்கியிருந்த கொம்புகள் நீண்டு நிற்கும். விளிம்பில் இருந்ததே தெரியாத ஒரு மெல்லிய தட்டை ஓரம் விரிந்திருக்கும். நகத்தால் வருடினால் நீளவாக்கில் நுண்ணிய கோடுகள் தட்டுப்படும். இந்த விளிம்பும் கோடும் கொம்பும்தான் இனத்தைச் சொல்பவை. காய்ந்த உறையில் இவற்றில் பாதி மறைந்து கிடந்தது.

அளப்பதும் படம் எடுப்பதும்

ஈரமாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள். நீளம் என்றால் உடலின் நீளம் மட்டும். கொம்பையோ இழையையோ சேர்க்கக்கூடாது. அகலத்தை அதிக அகலமான இடத்தில் அளக்க வேண்டும். கொம்புகளின் நீளத்தைத் தனியாக எழுதுங்கள். ஒரு முனையில் இருக்கும் ஜோடியும் மறுமுனையில் இருக்கும் ஜோடியும் பல இனங்களில் வேறு வேறு நீளத்தில் இருக்கும். கொம்பு உடைந்திருந்தால் 'உடைந்தது' என்று எழுதுவது மிக முக்கியம். இல்லாவிட்டால் பார்ப்பவர் அதைக் குட்டைக் கொம்பு இனம் என்று எடுத்துக்கொள்வார்.

படத்துக்கு, வெளிர் நிறப் பரப்பில் உறையைப் பரப்பி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். நாணயத்தை அளவுக்கு வைத்தால் வேறு நாட்டில் பார்ப்பவருக்குப் புரியாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம், வெளிச்சத்துக்கு எதிராக ஒரு படம். போதும்.

யாருடைய உறை?

அளவைப் பார்ப்பதற்கு முன் உருவத்தைப் பாருங்கள். உருவம் குடும்பத்தைச் சொல்லிவிடும், பிறகு அளவும் இடமும் இனத்துக்கு அருகில் கொண்டுபோகும்.

நான்கு மூலையிலும் சுருள் இழை, உடல் ஒடுங்கி நீண்டிருந்தால் பூனைச்சுறா. வடகிழக்கு அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் பரவலாக இருக்கும் சிறுபுள்ளிப் பூனைச்சுறாவின் உறை பெரும்பாலும் 5 முதல் 7 சென்டிமீட்டர், சுவர் மெல்லியது. அதே கடலில் அதன் பெரிய உறவினரின் உறை 10 சென்டிமீட்டரைத் தாண்டும், சுவரும் இழையும் நன்றாகத் தடித்திருக்கும். இந்த இழைகள் அழகுக்கு வந்தவை அல்ல. தாய் பாசியைச் சுற்றிச் சுற்றி நீந்தி அவற்றைப் பின்னிவிடுகிறது, குஞ்சு பொரியும்வரை அலை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க.

இழையே இல்லாமல் நான்கு விறைத்த கொம்புகள், உடல் சதுரத்துக்குப் பக்கமாக அல்லது செவ்வகமாக இருந்தால் ஸ்கேட். முள்முதுகு ஸ்கேட்டின் உறை ஏறக்குறைய சதுரம். குயில் ஸ்கேட் என்று பேர் பெற்ற சின்ன இனத்தில் ஒரு ஜோடிக் கொம்பு மிக நீண்டு, வளைந்து, உறையின் நீளத்துக்கே போட்டி போடும். மறு ஜோடி குட்டை. இங்கே ஒரு எச்சரிக்கை: ஐரோப்பியக் கையேடுகளில் பல ஸ்கேட் இனங்களுக்குப் பொதுப் பெயரே 'ரே' என்று முடியும். அதைப் பார்த்துக் கொட்டும் திருக்கை முட்டையிடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்கேட் உறைகளில் ராட்சதர்களும் உண்டு. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் கிடைக்கும் 'பெரிய ஸ்கேட்' என்ற இனத்தின் உறை 30 சென்டிமீட்டர் வரை போகும். வழக்கத்துக்கு மாறாக ஒரே உறைக்குள் ஏழு குஞ்சுகள் வரைகூட இருக்கும். ஸ்காட்லாந்துக் கடலில் வாழும் ஃபிளாப்பர் ஸ்கேட்டின் உறையும் 25 சென்டிமீட்டர் அளவு. அதில் ஒரே குஞ்சுதான், ஆனால் பொரிய ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆகும். அந்த ஒன்றரை ஆண்டும் உறை கடலடியில் அசையாமல் கிடந்தாக வேண்டும். அப்படிப்பட்ட உறைகள் கூட்டமாகக் கிடந்த இடம் தெரியவந்ததால்தான் 2021இல் ஸ்காட்லாந்து அரசு ரெட் ராக்ஸ், லாங்கே பகுதியை அவசரமாகப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது.

திருகாணி போலச் சுற்றிய உறை கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், அது காளைத்தலைச் சுறா. ஆஸ்திரேலியாவின் போர்ட் ஜாக்சன் சுறா இதில் பேர்போனது. மெத்தென்று இருக்கும்போதே தாய் அதைப் பாறை இடுக்கில் செருகிவிட்டால், இறுகியபிறகு அந்தத் திருகு பிடியை விடாது. உறையின் குறுக்கே வரிசையாக வரப்புகள் ஓடினால், ஆபத்தில் வயிற்றை ஊதிக்கொள்ளும் ஒரு வகைப் பூனைச்சுறாவாக இருக்கலாம். கலிபோர்னியாவில் வாழும் அந்த வகையின் குஞ்சுக்கு முதுகில் இரண்டு வரிசைப் பெரிய செதில்கள் உண்டு. உறையை நெம்பிக்கொண்டு வெளியே வருவதற்காகவே முளைத்தவை.

கொம்பும் இல்லை, சுருளும் இல்லை, ஓரத்தில் நார்நாராக மயிர் மட்டும் என்றால் மூங்கில் சுறா அல்லது வரிக்குதிரைச் சுறா. மூங்கில் சுறாவின் உறை நீள்வட்டம், பெரிய இனங்களில் 10 சென்டிமீட்டர் அளவு. வரிக்குதிரைச் சுறாவுடையது 17 சென்டிமீட்டர் அளவு, கரும்பழுப்பிலிருந்து ஊதாவரை நிறம், நார்க்கொத்தும் அடர்த்தி. கடைசியாக, நடுவில் ஒரு கதிர் போன்ற அறையும் இருபுறமும் அகன்ற இறக்கையும் வைத்த 25 சென்டிமீட்டர் உறை, தெற்கு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒதுங்கினால் அது யானைமீன் எனப்படும் கைமேரா.

இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். 'ஏதோ ஒரு ஸ்கேட்' என்ற நேர்மையான பதிவு, தவறான இனப்பெயரைவிட ஆயிரம் மடங்கு பயன்படும்.

ஏமாற்றுபவை

கணவாய் ஓடு வெள்ளை, சுண்ணாம்பு, குழப்பம் வராது. சங்கு, நத்தை இனங்களின் முட்டைக்கூடுகள் பல சிறு அறைகள் சேர்ந்த கொத்தாகவோ சரமாகவோ இருக்கும். நம் உறை எப்போதும் ஒற்றை அறை. காற்றுப் பை வைத்த பாசிதான் அதிகம் ஏமாற்றும். அதில் குஞ்சு வெளியேறிய வாய் இருக்காது. பெரியவர்களும் இதில் ஏமாந்தவர்கள்தான்: பல கோடி ஆண்டுப் பழமையான திருகு வடிவப் புதைபடிவம் ஒன்றுக்கு 1828இல் செடி என்று நினைத்தே பெயர் வைத்தார்கள். அது பண்டைய சுறாக்களின் முட்டை உறை.

பதிவு செய்வது

வீட்டு அலமாரியில் அழகாக அடுக்கி வைத்த உறையால் யாருக்கும் பயனில்லை. எங்கே, எந்தத் தேதியில், எத்தனை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது தகவலாகிறது. உறை ஒதுங்கியிருக்கிறது என்றால் எங்கோ பக்கத்துக் கடலடியில் ஒரு முட்டையிடும் இடம் இருக்கக்கூடும். நாம் முக்குளித்துப் பார்க்க முடியாத அந்த இடத்தைக் காலி உறைகள்தான் காட்டிக்கொடுக்கின்றன. 2021இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி சுறா, திருக்கை, கைமேரா இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. முதன்மைக் காரணம் மிகைமீன்பிடிப்பு. எலும்பு மீன்கள் போல லட்சக்கணக்கில் முட்டையிட்டு ஈடுகட்டும் மீன்கள் அல்ல இவை. அதனால் முட்டையிடும் இடம் தெரிவது உயிர்காக்கும் விஷயம்.

பிரிட்டனில் ஷார்க் டிரஸ்ட் அமைப்பு 2003 முதல் பொதுமக்களிடமிருந்து முட்டை உறைப் பதிவுகளைத் திரட்டிவருகிறது. உலகின் எந்தக் கரையிலிருந்தும் பதிவேற்ற ஐநேச்சுரலிஸ்ட் செயலி எளிது. படங்களையும் அளவுகளையும் இடத்தையும் போட்டால், அந்தத் துறையில் பழகியவர்கள் பார்த்துப் பெயரை உறுதிசெய்வார்கள் அல்லது திருத்துவார்கள். திருத்தினால் ஏன் என்று கேளுங்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம். கண்டெடுத்த இடம் என்பதில் 'கடற்கரை' என்று மட்டும் எழுதாமல் எந்தப் பகுதி என்று குறியுங்கள். ஒரே நாளில் நாற்பது கிடைத்தால் நாற்பது என்றே எழுதுங்கள். தேடிப் போய் ஒன்றும் கிடைக்காத நாளையும் உங்கள் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

உறையை வைத்துக்கொள்ள விரும்பினால், அளந்து முடித்தபின் இரண்டு காகிதங்களுக்கு நடுவே லேசான பாரம் வைத்து நிழலில் உலர்த்துங்கள். சுருளாமல் காயும். நன்றாகக் காய்ந்தபிறகு அட்டைப் பெட்டியில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் மூடினால் பூசணம் பிடிக்கும். தேதியும் இடமும் அளவும் எழுதிய சீட்டு ஒன்றைக் கூடவே வையுங்கள். அதைப் பென்சிலால் எழுதுங்கள், ஈரம் பட்டாலும் அழியாது.